மெம்ஃபிஸில் ஒரு ஞாயிறு: போதகர் அல் கிரீனின் சபை

ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகையைப் பார்க்க அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். மாளிகை வாசலிலிருந்து எல்விஸ் பிரெஸ்லி பொலிவார்டிலேயே தெற்கே போய், ஹேல் ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் 787-ஆம் எண்ணில் ஃபுல் காஸ்பல் டேபர்னக்கிள் சபை. சோல் இசைப் பாடகர் அல் கிரீன்தான் இங்கே போதகர். காரில் சில நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிக் கிளம்ப வேண்டாம்; திரும்பி வரவும் வண்டி சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.

அல் கிரீன் பிறந்தது 1946-இல், ஆர்கன்சாவின் ஃபாரஸ்ட் சிட்டியில். குத்தகை விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து சின்ன வயதிலேயே காஸ்பல் எனும் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுகளைப் பாடினார். பக்தி சாராத ‘உலகப் பாட்டு’ கேட்டதற்காக அப்பா அவரை வீட்டைவிட்டே துரத்தினார். அந்த உலகப் பாட்டுதான் பின்னால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது: வில்லி மிட்செல் தயாரித்த ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ 1972-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

1974 அக்டோபரில் ஒரு பெண் கொதிக்கும் சோளக்கஞ்சியை அவர்மேல் ஊற்றிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தீக்காயம்தான் அவரை மனந்திருப்பியது என்று பலரும் எழுதுகிறார்கள். அவரோ தன் மறுபிறப்பை, அதாவது கிறிஸ்துவிடம் மனந்திரும்பியதை, 1973 என்றே சாட்சி சொல்கிறார். 1976-இல் இந்தச் சபையை நிறுவிப் போதகரான பிறகும் காதல் பாட்டை அவர் உடனே விடவில்லை. 1979-இல் சின்சினாட்டி மேடையிலிருந்து தவறி விழுந்தார். அதைக் கர்த்தரின் எச்சரிப்பாக எடுத்துக்கொண்டார். அதன்பின் பல வருடம் காஸ்பல் மட்டுமே. அவரது 11 கிராமி விருதுகளில் பெரும்பங்கு அந்த வகைக்கு வந்தவை.

ஆராதனை 11 மணி வாக்கில் மெதுவாகச் சூடேறும். முதலில் பாடகர் குழு, ஜெபம், சாட்சி. புதிதாக வந்தவர்களை எழுந்து ஊர் பேர் சொல்லச் சொன்னால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். போதகர் தாமதமாகவும் வரலாம். காது கொடுக்க வேண்டிய இடம் பிரசங்கம்தான். பேச்சாகத் தொடங்கும் வசனம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏறும். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை ஆர்கன் நிரப்பும். சபை ‘ஆமென்’ போடும். எந்த வாக்கியத்தில் பேச்சு பாட்டானது என்று பிடிக்க முடியாது. நம்மூர்ப் பெந்தெகொஸ்தே சபையில் கீபோர்டு பிரசங்கத்துக்குப் பின்னால் மெல்ல ஓடுமே, அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. தொண்டைக்குள்ளிருந்து சட்டென்று மேலே தாவும் அவரது அந்தக் கீச்சுக் குரலை இசைத்தட்டில் கேட்டவர்களுக்கு, அது எங்கிருந்து வந்தது என்பது இங்கே விளங்கும்.

பயணிகள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: கச்சேரி என்று நினைத்து வருகிறார்கள். பழைய ஹிட் பாட்டை எதிர்பார்த்து, அரை மணியில் பொறுமை போய், காணிக்கை எடுக்கும் நேரத்தில் வரிசையாக வெளியேறுகிறார்கள். இது சபையாரைப் புண்படுத்தும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் போகும் என்று எண்ணி, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள். காணிக்கைக்குச் சில்லறை டாலர் நோட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தக்க உடை. அரைக்கால் சட்டை வேண்டாம். கேட்காமல் படம் பிடிக்கவும் கூடாது. போதகருக்கு வயது எண்பதைத் தொட்டுவிட்டது. எல்லா ஞாயிறும் அவர் இருப்பார் என்றில்லை. முந்தின நாளே சபைக்கு ஃபோன் போட்டு, ஆராதனை உண்டா, யார் பிரசங்கிக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். அவர் இல்லாத நாளிலும் ஆராதனை ஆராதனைதான், ஆனால் அவருக்காகவே விமானம் ஏறி வந்தவருக்கு அது அந்நேரம் ஆறுதலாக இருக்காது.

மதியம் நேரமிருந்தால் நகருக்குள் வில்லி மிட்செல் பொலிவார்டில் ராயல் ஸ்டுடியோவை வெளியிலிருந்து பார்க்கலாம். பழைய சினிமா கொட்டகை அது. சாய்ந்த தரையை அப்படியே விட்டுத்தான் அல் கிரீனின் அந்தப் பழைய ஹிட் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். இன்றும் வேலை நடக்கிற இடம் என்பதால், முன்கூட்டிச் சொல்லாமல் கதவைத் தட்ட வேண்டாம்.