விகிதக் கணக்கில் மாறாததைப் பிடியுங்கள்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம்தான். அதில் 25 கேள்வி திறனறிவுப் பகுதி, கேள்விக்கு ஒன்றரை மார்க். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காத இடத்தில், விகிதக் கணக்கைப் பார்த்ததும் எக்ஸ், ஒய் போட்டுச் சமன்பாடு எழுத ஆரம்பித்தால் விடை வரும், ஆனால் நேரம் போய்விடும்.

நான் பெரும்பாலும் படித்தது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில். பக்கத்தில் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதுல எது மாறலை, முதல்ல அதைச் சொல்லு" என்றார். எனக்கு எல்லாம் திறந்தது அந்தக் கேள்வியில்தான்.

45 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 4:1. எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் 3:2 ஆகும்? தண்ணீர் ஊற்றினாலும் பால் மாறாது, அது 36 லிட்டர். புது விகிதத்தில் அந்த 36தான் 3 பங்கு, அப்படியானால் ஒரு பங்கு 12, தண்ணீர் 24 இருக்க வேண்டும். ஏற்கெனவே 9 இருக்கிறது, சேர்க்க வேண்டியது 15. விடைகளில் 24ம் பெரும்பாலும் இருக்கும், கேள்வியின் கடைசி வரியை இன்னொரு முறை படித்துவிட்டு வட்டத்தை நிரப்புங்கள்.

வயதுக் கணக்கில் மாறாதது வித்தியாசம். இருவரின் வயது இப்போது 5:3, 6 வருடம் கழித்து 3:2 என்றால், 3:2ஐ 6:4 ஆக்குங்கள், இரண்டிலும் வித்தியாசம் 2 பங்கு ஆகிவிடும். 5 பங்கு 6 பங்கானது 6 வருடத்தில், அதனால் ஒரு பங்கு 6. வயது 30, 18. பேனாவே தேவையில்லை.

கிலோ 62 ரூபாய் அரிசியையும் 72 ரூபாய் அரிசியையும் கலந்து 65க்கு வர வேண்டுமென்றால் குறுக்கே கழித்தால் போதும்: 72க்கும் 65க்கும் 7, 65க்கும் 62க்கும் 3, ஆக 7:3. 65 மலிவான விலைக்குப் பக்கத்தில் இருப்பதால் மலிவானதுதான் அதிகம் போக வேண்டும், அதை வைத்தே எந்தப் பக்கம் 7 என்று முடிவு செய்துகொள்வேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எடுத்து ஊற்றும் கணக்கு. 40 லிட்டர் பாலில் 4 லிட்டர் எடுத்து அதே அளவு தண்ணீர் ஊற்றி, அதையே மொத்தம் மூன்று தடவை செய்தால் பால் எவ்வளவு மிஞ்சும்? மாறாதது, ஒவ்வொரு தடவையும் மிஞ்சும் பங்கு, பத்தில் ஒன்பது. 40, 36, 32.4, 29.16. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இப்படி இறங்குவது எனக்கு வேகமாக வந்தது.

பயிற்சிக்குப் பெரிதாகச் செலவு வேண்டாம். பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் விகிதம் வரும் பாடங்களைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள்.