போர்மாவை அணைத்தது யார்?

முந்திரித் தொழிற்சாலை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் ஆட்டோக்காரர் ஒரு நிமிஷம் யோசிப்பார். அண்டியாபீஸ் என்றால் நேரே கொண்டுவந்து விட்டுவிடுவார். குமரி மாவட்டத்தின் மேற்கே, மார்த்தாண்டம், அருமனை, கருங்கல் வட்டாரத்தில், காலையில் தூக்குவாளியோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைக் கேட்டால் “ஆபீசுக்கு” என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஆபீஸ் என்று பார்த்தால் என் மேசையும் ஒரு இரும்பு பீரோவும்தான். கணக்கு எழுதச் சேர்ந்தவன், 17 வருஷத்தில் மேனேஜர் ஆகிவிட்டேன்.

முதலாளியின் மகன் படிப்பு முடித்து வந்ததும் முதல் வேலையாக, பருப்பின் தொலி உரிக்கும் பீலிங் ஷெட்டில் ஒரு பெரிய டிவியை மாட்டினார். எடை போடுகிறவர் தன் போனிலேயே கூகுள் ஷீட்டில் எடையைப் போடுவார். அது பவர் பிஐ என்ற, எண்களைப் படமாகக் காட்டும் சாப்ட்வேரில் கலர் பட்டைகளாக மாறும். ராத்திரி ஏஐ அதையெல்லாம் படித்துவிட்டு, காலையில் நாலு வரி தமிழில் எழுதி வைக்கும். “இனிமே எல்லாமே ஓப்பன் அண்ணே, மேனேஜ்மென்ட்ல ஒளிவு மறைவே கிடையாது” என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

நஷ்டம் இருந்திருக்காது. ஏனென்றால் அந்தத் திரையில் நான் இல்லை. தல்லு, அதாவது கொட்டை உடைப்பது, எத்தனை கிலோ, பீலிங் எத்தனை கிலோ, தரம் பிரிக்கும் கிரேடிங்கில் டபிள்யூ 240 எவ்வளவு, 320 எவ்வளவு, உடைசல் எவ்வளவு, யார் வரவில்லை, எந்த மேசை பின்தங்கியது. (ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறைய பருப்பு பெரிது, விலையும் ஜாஸ்தி.) எந்த லாட் கொட்டையை எப்போது உடைப்பது, போர்மா எத்தனை மணி நேரம் எரிவது, யாரை எந்த மேசைக்கு மாற்றுவது என்பதெல்லாம் என் டிராயரில் இருந்த நோட்டில். சிலது நோட்டில்கூட இல்லை, போனில் வாயால் சொன்னது.

போர்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தோடு நீக்கிய பருப்பின்மேல் சிவப்பாக ஒரு தொலி ஒட்டியிருக்கும். அது பிரிய வேண்டுமானால் பருப்பைத் தட்டில் பரப்பி, சூடான அறையில் 70 டிகிரி அளவில் ஆறேழு மணி நேரம் காய வைக்கவேண்டும். அந்த அறைதான் போர்மா. காய்ச்சல் கூடினால் பருப்பு நொறுங்கும். குறைந்தால் தொலி வராது. இடவப்பாதி, அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் இன்னும் கஷ்டம். காய்ந்த பருப்பே வெளியே வந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் மாவட்டத்துக்கு அது போய் துலாமழை என்ற வடகிழக்குப் பருவமழை வேறு உண்டு, ஆக வருஷத்தில் பாதி நாள் இந்தச் சண்டைதான்.

அந்த ஜூனில் விறகுச் செலவு கையைக் கடித்தது. தினமும் ரெண்டு மணி நேரம் முன்னாலேயே தீயை அணைக்கச் சொன்னேன். வாட்ச்மேனிடம் வாயால் சொன்னது, அவ்வளவுதான்.

நாலாவது நாள் காலையில் திரையில் இப்படி வந்தது: “பீலிங் பிரிவின் உற்பத்தி தொடர்ந்து குறைந்து வருகிறது. வருகை சீராக உள்ளது. பணியாளர்களின் வேகத்தில் கவனம் செலுத்தலாம்.” பட்டை முழுக்கச் சிவப்பு. படித்தேன், பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் போர்மா அப்போது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. மழைக்கு மடி பிடித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மத்தியானம் மூன்றாம் மேசை அக்கா வந்தார். எனக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை பார்க்கிறவர். உள்ளங்கையில் கொண்டுவந்த நாலு பருப்பை என் கீபோர்டின்மேல் வைத்தார்.

“சாரே, இத ஒண்ணு உரிச்சுக் காட்டுங்க.”

சிரித்துக்கொண்டே எடுத்தேன். நகத்தை விட்டுச் சுரண்டினேன். நன்றாகக் காய்ந்த பருப்பில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் தொலி வெங்காயச் சருகு மாதிரி கழன்று போகும். இது வரவில்லை. இன்னும் அழுத்தினேன், தொலியோடு வெள்ளையும் சேர்ந்து பெயர்ந்தது. அப்படிப் பெயர்ந்தால் அது முழுப் பருப்பில் சேராது. நாலை உரிக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, கடைசிப் பருப்பில் நகக்கண் எரிந்தது. அக்கா அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

“ராத்திரி போர்மா சீக்கிரம் அணையுது. அணைக்கச் சொன்னது ஆருன்னு அந்த டிவி சொல்லாதா? எங்க கதை மட்டுந்தானே அதுல ஓடுது, ஒங்க கதை எங்க?”

பீலிங்குக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. அந்த நாலு நாளும் அவர்களுடைய கூலி குறைந்திருந்தது. நான் மிச்சம் பிடித்த விறகுக்கு அவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள்.

ஏஐ பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அதன் கையில் எடை இருந்தது, வருகை இருந்தது. போர்மா இல்லை, மழை இல்லை, நான் இல்லை. இருக்கிறதை வைத்து ஒரு காரணம் கட்டியது. மனுஷனும் அதைத்தான் செய்வான், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் மனசுக்குள் நினைத்ததை அது 55 இஞ்சு திரையில் எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டது.

வீட்டுப் பட்டா விஷயமாக ஒருமுறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருந்தேன். அப்போது படித்த ஒரு வரி அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. 2005-ம் வருஷத்துச் சட்டம் அது. அதன் 4-வது பிரிவில், யாரும் கேட்காமலே சொல்லவேண்டியவை என்று ஒரு வரிசை இருக்கிறது. நிர்வாகம் எடுக்கும் முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று. சட்டம் சர்க்கார் ஆபீசுக்குத்தான், அண்டியாபீசைக் கட்டாது. இருந்தாலும் பட்டாவுக்காக தாலுகா ஆபீசில் “காரணத்தைச் சொல்லுங்க சார்” என்று சத்தம் போட்டவன் நான்தானே.

மறுநாள் ஷீட்டில் இன்னொரு தாள் சேர்த்தோம். என்ன முடிவு, யார் எடுத்தது, ஏன், திரும்ப எப்போது பார்ப்பது. நாலே கட்டம். ஏஐக்கு ஒரே ஒரு கட்டளையை மாற்றினார் முதலாளியின் மகன்: காரணத்தை நீயாக ஊகிக்காதே, பதிவில் இருந்தால் சொல், இல்லையென்றால் “காரணம் பதியப்படவில்லை” என்று எழுதி, அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவர் பெயரைப் பக்கத்தில் போடு. அப்புறமும் அது எப்போதாவது ஊகிக்கத்தான் செய்தது. ரெண்டு மூன்று தடவை திருத்தினோம்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “நம்ம தப்ப நாமளே எழுதிப் போட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?” என்றார். கொட்டை வாங்கிய விலையும் எங்களிடம் வாங்குகிறவர் தரும் விலையும் திரையில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அந்தக் கதவு இன்றுவரை சாத்தித்தான் இருக்கிறது. கூலி பேச்சுவார்த்தை வரும்போது எல்லோருக்கும் தேவைப்படுவது அந்த எண்கள்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மூன்றாம் மேசைக்கும் தெரியும். போர்மா நாட்களில் குறைந்த கூலியைக் கொடுக்கவைக்க ஒரு மாசம் அலைந்தேன்.

எழுதுவது லேசு என்று நினைத்தேன். முதல் பதிவையே நாலு தடவை அடித்தேன். கடைசியில் ஏஐயிடமே கொடுத்து நன்றாக எழுதித் தா என்றேன். “எரிபொருள் பயன்பாட்டை உகந்த நிலைக்குக் கொண்டுவரும் நோக்கில் உலர்த்தும் நேரம் மறுசீரமைக்கப்பட்டது” என்று வந்தது. படிக்கப் பிரமாதம். கிரேடிங்கில் இருக்கும் சின்னப் பெண் ஒருத்தி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “இது ஆரு செஞ்சது சார்?” என்று கேட்டாள். அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. அழித்துவிட்டு, “விறகு மிச்சம் பிடிக்க நான்தான் அணைக்கச் சொன்னேன். தப்பாகிவிட்டது. இன்றிலிருந்து பழைய நேரம்” என்று போட்டேன். அடித்து முடித்தபோது காது சுட்டது.

இப்போதெல்லாம் ஒரு முடிவைச் சொல்வதற்கு முன்னால் கை கொஞ்சம் நிற்கிறது. ஏன் என்ற கட்டத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் அந்த முடிவையே விட்டுவிடுகிறேன். நல்ல முடிவு சிலதும் அப்படிப் போயிருக்கலாம், மறுக்கவில்லை. ஆளை மேசை மாற்றும் விஷயத்தில் காரணத்தைத் திரையில் போட்டு ஒருத்தியை அழவைத்தும் இருக்கிறேன். அன்றிலிருந்து ஆள் சம்பந்தப்பட்டதை அந்த ஆளிடம் மட்டும் நேரில் சொல்கிறேன், திரையில் வராது.

நாலாவது கட்டம்தான் ஆளைக் கொல்கிறது. பீலிங் ஷெட்டின் கிழக்கு மூலையில் ஈரக் காற்றை வெளியே தள்ள ரெண்டு ஃபேன் போடுகிறேன் என்று தேதி போட்டு எழுதியிருந்தேன். கரண்ட் லைன் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார், புது லைனுக்கு முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏஐக்கு இதெல்லாம் பொருட்டில்லை. தேதி தாண்டியதிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. காலையில் சங்கு ஊதியதும் மூன்றாம் மேசை அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையை நிமிர்ந்து பார்த்து, ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிக்கிறார். இன்றைக்கு 41.