தடைக்கால நாட்குறிப்பு: கேட்க ஒரு ஆள்

ஏப்ரல் 15

இன்று முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எங்கும் ஆம்பளைகள் வீட்டில்தான். டோக்கன் வாங்கி ஆம்பளைகள் கடலுக்குப் போகும் நாளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த தனிமை இனி இல்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை இப்போது இன்னும் கவனமாக மறைக்கும்.

எல்லாரும் சாவதற்காக அப்படிச் செய்வதில்லை. தாங்க முடியாத பதற்றமோ மரத்துப்போன மனசோ கொஞ்ச நேரம் தணிகிறது. அதனால்தான் அது பழக்கமாகிறது. ஆனாலும் பின்னாளில் உயிருக்கு ஆபத்து கூடும், சும்மா விடக் கூடாது. "நாலு பேர் பாக்கணும்னு செய்யுறா" என்பவர்கள் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையைப் பார்க்கட்டும். நாலு பேர் பார்க்கவா அது?

ஏப்ரல் 19

எப்படிக் கேட்பது? தனியாக, முகத்துக்கு நேரே உட்காராமல், பக்கத்தில் உட்கார்ந்து. மீன் ஆயும்போது, கடற்கரையில் நடக்கும்போது வாய் திறப்பது எளிது. "ஏத்தா, ஒன்னைய நீயே காயப்படுத்திக்கிறியா?" என்று நேராகவே கேட்கலாம். "செத்துப் போகணும்னு தோணுதா?" என்றும் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமா" என்று வந்தால் தனியே விடாதீர்கள். உடனே ஆபத்து என்றால் 108.

செய்யக் கூடாதவை: கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது, சாமி மேல் சத்தியம் வாங்குவது. சத்தியம் வாங்கினால் அடுத்த முறை நடந்ததை உங்களிடம் சொல்ல மாட்டாள்.

ஏப்ரல் 20

காயம் இருந்தால்: ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் ரத்தம் மறுபடி கிளம்பும். காபித்தூள், மஞ்சள்தூள் அப்ப வேண்டாம், சீழ் வைக்கும். ரத்தம் நிற்காவிட்டால், காயம் ஆழமாக இருந்தால் ஆஸ்பத்திரிதான். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) வேண்டுமா என்றும் கேளுங்கள்.

ஏப்ரல் 27

காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். அந்த நேரத்தைக் கடத்த, என்ன செய்வது என்று எழுதிய ஒரு பேப்பர் உதவும். மனசு நிதானமாக இருக்கும்போது, பிள்ளை தன் சொல்லில், தன் கையால் எழுத வேண்டும். முதலில் அறிகுறி: "நெஞ்சு படபடக்கும், யாரோடும் பேசத் தோணாது." அடுத்து தானாகச் செய்யக்கூடியது, அதற்கடுத்து போகக்கூடிய இடம், சொல்லக்கூடிய ஆள், கடைசியில் போன் நம்பர். தீங்கு செய்யும் பொருட்களை வீட்டில் யார் எடுத்துப் பத்திரப்படுத்துவது என்பதும் பேப்பரில் இருக்கட்டும். அது பெரியவர்கள் பொறுப்பு.

பலர் கோட்டை விடுவது ஒரு வரியில்தான். "அமைதியாக இருப்பேன்" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. "முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிப்பேன், சின்னம்மா வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன்" என்று எழுதினால் காலுக்கு வழி தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சின்னம்மா வீட்டுக் கதவு சாத்தியிருக்குமே? ராத்திரிக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். மடித்துப் போன் கவருக்குள் வைக்கலாம்.

மே 3

14416: டெலிமனாஸ், அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 104, அரசின் மருத்துவ ஆலோசனை எண், இன்னொரு வழி. பதினெட்டு வயதுக்குள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு. வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால் யாரைக் கூப்பிட்டோம் என்பது அதில் பதிவாகியிருக்கும். நம்பகமான டீச்சர், மதினி போனிலிருந்து பேசலாம்.

"போலீஸ் கேஸ் ஆயிரும்" என்ற பயத்தில் பலர் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. மனநல மருத்துவச் சட்டம் 2017, பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் விவரம் பதிவு செய்யலாம், அதற்கு அஞ்ச வேண்டாம்.

மே 11

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு கேட்டுப் போகலாம். மனச்சோர்வுக்கு மருந்து எழுதித் தந்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். "அஞ்சு நாள் ஆச்சு, ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. இளவயதில் தொடக்க வாரங்களில் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள் போகட்டும், மாத்திரையும் கையோடு போகட்டும். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள்.

மே 24

நிறுத்திய பிறகு மறுபடி நடக்கலாம். "எல்லாம் வீணாப் போச்சு" என்று வீடு அழ ஆரம்பித்தால் பிள்ளை அடுத்த தடவை மறைக்கும். முதலில் காயத்தைக் கவனியுங்கள். அப்புறம், அவள் ஆறிய பிறகு, பேப்பரை விரித்து எந்த வரி கைகொடுக்கவில்லை என்று சேர்ந்து பாருங்கள். சின்னம்மா ஊரில் இல்லையா, போனில் சார்ஜ் இல்லையா? அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லுங்கள்.