‘ஜான்ஸ்’ குடும்பத்தின் வேரைத் தேடுவோருக்கு

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றிலோ கலியாணப் பதிவிலோ ‘ஜான்ஸ்’ என்ற பெயரைக் கண்டால், ஆங்கிலப் பெயர் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ரோமன் எழுத்தில் அதன் கடைசியில் ‘எஸ்’ஸும் ‘இசட்’டும் சேர்ந்து (Jansz) நின்றால் அது ஒல்லாந்தர் காலப் பெயர்.

அக்காலத்து ஒல்லாந்தில் (இன்றைய நெதர்லாந்தில்) சாதாரண சனங்கள் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் இருக்கவில்லை. ‘யான்’ (Jan) என்பவரின் மகன் பீற்றர் என்றால் அவர் ‘பீற்றர் யான்ஸோன்’; ‘ஸோன்’ என்றால் மகன். நாம் ‘ஜ’ என்று வாசிக்கும் ‘ஜே’ எழுத்தை ஒல்லாந்தர் ‘ய’ என்றே சொல்வர். எழுதுவினைஞர்கள் அதைச் சுருக்கி, ‘இசட்’டோடு நிறுத்தி, ஒரு புள்ளி வைத்தார்கள். அந்தப் பீற்றரின் மகன் யான்ஸ் ஆகமாட்டார், பீற்றர்ஸ் ஆவார். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடும் எங்கள் வழக்கமும் இதுதான். கனடாவுக்குப் போனவர்களின் அப்பா பெயர் அங்கே பேரப்பிள்ளை வரைக்கும் குடும்பப் பெயராக ஓடுகிறது அல்லவா? 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த பிறகு இங்கே வந்து தங்கியவர்களுக்கும் அதுவே நடந்தது. புள்ளி விழுந்துபோக, சுருக்கமே பெயராகிவிட்டது. இலங்கையில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியரிடையே உள்ள பீற்றர்ஸ், வூட்டர்ஸ் போன்ற பெயர்களும் இதே வழியில் வந்தவை. நெதர்லாந்திலோ யானின் வழிவந்த பெயர் பெரும்பாலும் ‘யான்சன்’ என்று நிலைத்தது. இன்று அங்கே மிகப் பரவலான பெயர்களில் அது ஒன்று. ‘இசட்’டில் முடிவது அரிது.

ஆகவே இரண்டு ஜான்ஸ் குடும்பங்கள் உறவினராக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வம்சவரிசை எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தேடலை எப்போதும் இங்கிருந்து பின்னோக்கியே கொண்டுபோங்கள். முதலில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பிறப்பு, இறப்புப் பதிவுகளின் பிரதிகள். தமிழில் ஜான்ஸ், யான்ஸ், ஜேன்ஸ் என்று எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில் ஜோன்ஸ் என்று ‘திருத்தி’ எழுதியதும் உண்டு என்று வைத்துக்கொண்டே பாருங்கள். அதற்குப் பின் ஒல்லாந்தத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். கோட்டைக்குள் 1706இல் கட்டிய தேவாலயம் போரில் அழிந்துவிட்டது. ஒல்லாந்தக் கல்லறை வாசகங்களுக்கு லியோபோல்ட் லுடோவிசி 1877இல் வெளியிட்ட தொகுப்பைப் பாருங்கள்.

கடைசிப் படி, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளப் பேரேடு. தி ஹேக்கிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தின் இணையத்தளத்தில் 18ஆம் நூற்றாண்டுப் பணியாளர் பெயர்களை இலவசமாகத் தேடலாம். பெயர், சொந்த ஊர், கப்பல், புறப்பட்ட திகதி, சேவை முடிந்த விதம் எல்லாம் அதில் உண்டு. குடும்பப் பெயரை மட்டும் போட்டால் யான் யான்ஸ்கள் வந்து குவிவார்கள். முதற்பெயரையும் ஊரையும் சேர்த்துக் கொடுங்கள். யான்ஸ், யான்சன், யான்ஸோன் மூன்றையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பெயரைக் காதால் கேட்டு எழுதிய காலம் அது. சொந்த ஊர் ஜெர்மனியில் இருந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். கம்பனிச் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் வெளிநாட்டார். இலங்கையில் பிறந்து இங்கேயே கம்பனியில் சேர்ந்த மகன் அந்தக் கப்பல் பதிவில் அகப்படமாட்டார். அவருக்குத் திருச்சபை ஏடுதான் வழி.

1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் பல குடும்பங்களின் வம்சவரிசையை அச்சிட்டிருக்கிறது. மிகப் பயனுள்ளது. ஆனால் அங்கத்துவத்துக்கு ஆண்வழி ஐரோப்பிய வம்சமே அளவுகோலாக இருந்ததை மறக்கவேண்டாம். குடும்பத்துக்குள் வந்த தமிழ்ப் பெண்கள் அங்கே விடுபட்டிருக்கலாம்.

1956க்குப் பின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனதால், இன்று இந்தப் பெயர்க்காரரை மெல்பேர்ணிலும் தேடவேண்டும். நெதர்லாந்தில் ஒரு பெயர் எத்தனை பேருக்கு உண்டு என்பதைக் குடும்பப் பெயர் வங்கி என்ற இணையத்தளம் 1947, 2007 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் ஊர்வாரியாகக் காட்டுகிறது. ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையை அது சரியாகச் சொல்லாது. ‘5க்குக் குறைவு’ என்று மட்டும் காட்டும். அதை ஒருவரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.