புதன்கிழமை நாலேகால்: சமயங்கள் இருந்து கதைக்க

சர்வமத நிகழ்வு என்றதும் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் ஒரே படம்தான் கண்ணில் வரும். வரிசையாய்க் கதிரைகள், குருக்கள், பாதர், மௌலவி, பிக்கு, நடுவில் குத்துவிளக்கு, நாலு ஆசியுரை, பொன்னாடை. மரியாதைக்கு அது சரி. மறுகிழமை ஒலிபெருக்கிச் சண்டை வரும்போது அந்த மேடையில் இருந்த ஒருவரிடமும் மற்றவரின் தொலைபேசி இலக்கம் இராது. கதைப்பது வேறு வேலை. அது ஊருக்குள், பத்துப் பன்னிரண்டு பேரோடு, மாதம் ஒருமுறை நடக்கவேண்டியது.

முதலில் இடம். கோயில் மண்டபத்தில் வைத்தால் பாதிச் சைவர்களே வரமாட்டார்கள். சாவு வீட்டுத் துடக்கு (தீட்டு) 31 நாள். மாதவிலக்கு நாளில் பெண்கள் கோயில் வளவுக்குள் கால் வைப்பதில்லை. மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிட்ட நாளில் பலர் தாங்களாகவே தள்ளி நிற்பார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாததால் ‘வேலை இருக்கு’ என்பார்கள்; கூட்டியவர் அக்கறையில்லை என்று நினைப்பார். சனசமூக நிலையமோ வாசிகசாலையோ என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

நாள், நேரம். வெள்ளி மதியம் ஜும்ஆ, பின்னேரம் கோயில். செவ்வாயும் கோயில் நாள். ஞாயிறு காலை பூசை, ஆராதனை. சனி பின்னேரமும் சில பங்குகளில் திருப்பலி உண்டு. மிஞ்சுவது புதனும் வியாழனும். பின்னேர அஸர் தொழுகை முடிந்து, பொழுதுபட்டதும் வரும் மஃரிப் தொழுகைக்கு முன்னுள்ள இடைவெளியில், நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்பது தோது. அது ரியூசன் நேரமாச்சே என்று தாய்மார் சொல்வார்கள். அதற்கு யாழ்ப்பாணத்தில் மருந்து கிடையாது.

தேத்தண்ணியும் மரக்கறிச் சாப்பாடும் வைத்தால் ஹலால் கேள்வியும் விரதக் கேள்வியும் ஒன்றாய் முடிந்துவிடும். படைத்த பிரசாதத்தை உபசாரமாய்க் கொடுக்கக்கூடாது. முஸ்லிம்களும் கிறிஸ்தவச் சபைக்காரர் பலரும் அதைத் தொடமாட்டார்கள். மறுப்பவருக்கும் சங்கடம், கொடுப்பவருக்கும் மனநோவு. வாசலில் சந்தனமும் குங்குமமும் தட்டில் இருக்கட்டும், விரும்பினவர் எடுக்கட்டும். யாருடைய நெற்றியிலும் நாங்களாய் வைக்கத் தேவையில்லை. விளக்கேற்றலும் அப்படித்தான். ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கினால் போதும்.

ஆட்கள் என்று பார்த்தால், மதகுருமார் மட்டும் போதாது. கோயில் தர்மகர்த்தா சபையில் ஒருவர், பங்குச் சபையில் ஒருவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், சிறு சபைப் போதகர் ஒருவர், பெண்கள் குறைந்தது நாலு பேர். லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவரையும் கூப்பிடுங்கள். பகிடியில்லை. எந்த ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் தென்னையில் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது என்று தெரிந்தவர் அவர்தான்.

முதல் வேலை கடவுளைப் பற்றிக் கதைப்பதல்ல, ஒரு நாட்காட்டி போடுவது. இங்கே வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். ஒரே விரதம் இரண்டு கோயிலில் இரண்டு நாளில் வரலாம். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நகரும். நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வரும், பெருநாள் முதல்நாள் இரவு பிறை பார்த்தபின்தான் உறுதி. ஆகவே முஸ்லிம் நாட்களைப் பென்சிலால் எழுதுங்கள். ஆகவே முஸ்லிம் நாட்களைப் பென்சிலால் எழுதுங்கள். தேர், சப்பறம், சொரூபப் பவனி எல்லாவற்றுக்கும் நாளோடு வீதியையும் நேரத்தையும் குறிக்கவேண்டும். சிக்கல் பெரும்பாலும் வீதியில்தான். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னாரில் திருக்கேதீச்சரம் கோயிலுக்குப் போகும் வழியில் சைவர் நாட்டிய வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கினார்கள். ஒரு வளைவு இரண்டு சமூகத்தை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று அன்று நாடே பார்த்தது. யார் நாட்டுவது, எந்த இடத்தில், எத்தனை நாள், எப்போது கழற்றுவது என்ற நாலு வரியை முன்கூட்டியே எழுதி வாங்குவது பெரிய வேலையில்லை.

ஒலிபெருக்கி விசயத்தில் சட்டமும் இருக்கிறது. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், தெற்கே வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய வழக்கில், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்றது. இதைப் பள்ளிக்கு எதிரான கட்டளையாக மட்டும் படிக்கிறவர்கள் மார்கழித் திருவெம்பாவையை மறந்துவிடுகிறார்கள். சுபஹு (அதிகாலைத் தொழுகை) பாங்கும் கோயிலின் விடிய நாலு மணிப் பாட்டும் ஒரே தடைக்குள்தான் வரும். பொலிசுக்குப் போகமுன் செய்யக்கூடியது: குழாயை வளவுக்குள் திருப்புவது, உயரத்தைக் குறைப்பது, பரீட்சை மாதத்தில் சத்தத்தைக் குறைப்பது.

இனிக் கடினமான பகுதி. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்களோடு இருந்து கதைப்பதென்றால் 1990 ஒக்டோபர் 30 ஐத் தாண்டிப் போகமுடியாது. புலிகள் யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் பகுதியான சோனகதெரு மக்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன நாள் அது. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30இல் வலிகாமத்துத் தமிழர் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தார்கள். தேதி ஒன்றாய்ப் போனதால், ஒருவர் தன் இழப்பைச் சொல்லத் தொடங்கியதும் மற்றவர் ‘நாங்களும்தானே’ என்று குறுக்கிடுவார். இந்த உரையாடல் உடையும் இடம் அதுதான். இரண்டையும் இரண்டு தனி அமர்வாக வையுங்கள். முஸ்லிம்கள் பேசும் அமர்வில் மற்றவர்கள் கேட்க மட்டும். பதில் அன்றைக்கு வேண்டாம். காணி, வீட்டு உறுதி, குடியேற்றப் பதிவு பற்றிய கேள்விகள் வந்தால் தனித் தாளில் எழுதிப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோங்கள். ஆறுதல் வார்த்தையோடு நிறுத்தினால் அடுத்த மாதம் அவர்கள் வரமாட்டார்கள், வராததும் நியாயம்தான்.

மதமாற்றச் சண்டையில் இன்னொரு அடுக்கு உண்டு. புதுச் சபைகளுக்குப் போகிறவர்களைக் காசுக்குப் போனார்கள் என்று திட்டுவது சுலபம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியார் உள்ளே விடாமல் நிறுத்தப்பட்டதை மறந்துவிட்டு இதைக் கதைத்தால் சாதி மேசைக்கே வராது. மேசைக்கு வராதது வெளியில் போய்ச் சண்டையாகும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ‘விக்கிரக ஆராதனை’ என்பது கிறிஸ்தவருக்கு வேதச் சொல், சைவருக்கு வசை, ‘அஞ்ஞானி’யும் அப்படியே. ‘வேதக்காரர்’, ‘சோனகர்’ என்பவற்றைச் சிலர் இயல்பாய் எடுப்பர், சிலர் எடுக்கமாட்டார்கள். எப்படிக் கூப்பிடலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. மற்றச் சமயத்தை மறுத்துக் கண்டனப் பிரசுரம் எழுதுவது இந்த ஊருக்குப் பழைய பழக்கம். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். பாடசாலை, பிரசங்கம், அச்சுக்கூடம் என்று மிசனின் கருவிகளையே எடுத்து அதற்கு எதிராய் நின்றார். வாதத்தில் வெல்ல அது உதவும், பக்கத்து வீட்டாரைப் புரிந்துகொள்ள உதவாது. ஆகவே ‘எது உண்மை’ என்று கேட்காமல் ‘நீங்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள், ஏன்’ என்று கேளுங்கள். சாவு வீட்டுச் சடங்கு நல்ல தொடக்கம். எல்லாரிடமும் சொல்ல இருக்கும், யாரும் தோற்கமாட்டார்கள்.

கடைசியாக, ஒவ்வொரு வழிபாட்டிடத்துக்கும் இரண்டு தொலைபேசி இலக்கம். ஒன்று குருவுடையது, மற்றது ஊரில் நிரந்தரமாய் இருப்பவருடையது. பங்குத்தந்தை சில ஆண்டில் மாற்றலாகிப் போவார், மௌலவியும் மாறலாம்; அவர்களோடு பழக்கமும் போய்விடும். தாளை ஒவ்வொரு தைமாதமும் புதுப்பித்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.