கற்சிலைமடுவுக்கு ஓட்டோ 2,500 ரூபா

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், வரலாறு பிறகு வரட்டும். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து கற்சிலைமடு சில கிலோமீற்றர்தான். போய்வர 2,500 ரூபா கேட்டார் ஓட்டோக்காரர். "அண்ணை, யாழ்ப்பாணத்திலயிருந்து இங்க வரவே எனக்கு இவ்வளவு முடியேல்லை" என்றேன். "அது பஸ், இது ஓட்டோ" என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது? சந்தியில் வேறு ஓட்டோவும் இல்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. 2,000 ரூபாவுக்கு இறக்கி ஏறிக்கொண்டேன். என் ஒருநாள் பட்ஜெட் 4,000. பாதி அங்கேயே போயிற்று.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். சரி, முடிந்தவரை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா பஸ்ஸில் ஏறி மாங்குளம் சந்தியில் இறங்குங்கள். அங்கிருந்து முல்லைத்தீவு பஸ். எளிதாகத் தெரிகிறது, இல்லையா? மாங்குளத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கடைசியில் வந்த தனியார் பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நிற்கலாம். மற்றக் காலை வைக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய யூரியாப் பை. தலைக்கு மேலே ஸ்பீக்கர் அலறியது. கொண்டக்டர் 500 ரூபாவை வாங்கிக்கொண்டு "மிச்சம் இறங்கேக்க தாறன்" என்றார். நான் இறங்கும்போது அவர் பின்கதவில், நான் முன்கதவில். பஸ் போய்விட்டது. அந்த மிச்சக் காசு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு நான் பார்க்கப் போனது ஒரு கல்லை. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் பெயர் உள்ள கல். இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் ட்றிபேர்க் 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம். அதன் எழுவாய் கப்டன், பண்டாரவன்னியன் வெறும் செயப்படுபொருள். வென்றவர்கள் வைத்த கல் அப்படித்தானே எழுதும்? ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் செயப்படுபொருளைத்தான் கும்பிடுகிறார்கள். எழுவாயை யாரும் சீண்டுவதில்லை. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோசம்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பண்டாரவன்னியன் ஒரு வாள், ஒரு மீசை, காட்டிக்கொடுத்த ஒரு காக்கை வன்னியன். வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடம் முந்திய யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் கதையிலும் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுத்தவன் பெயர் காக்கை வன்னியன்தான். தோற்ற கதைக்கெல்லாம் நாங்கள் ஒரே துரோகியை வாடகைக்கு எடுக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். துரோகியைக் கண்டுபிடித்துவிட்டால் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை, பாருங்கள்.

நடந்தது அதைவிடச் சிக்கலானது. வன்னிமை என்ற சிறு ஆட்சிப் பகுதிகளை ஆண்டவர்கள் முன்பு ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்துவிட்டுத் தங்கள் பாட்டில் இருந்தவர்கள். 1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து வந்து வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரின் கோட்டைகளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். 1803இல் ஆளுநர் நோர்த் கண்டி மீது படை அனுப்பினார். கண்டி நகரம் சுலபமாகக் கையில் விழுந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. துப்பாக்கியைவிடக் காய்ச்சல்தான் அந்தப் படையை அதிகம் தின்றது. ஜூன் 24ஆம் திகதி அங்கிருந்த ஆங்கிலேயப் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து வெளியேறினார். பிறகு மகாவலி ஆற்றங்கரையில் அவருடைய ஆட்களைக் கண்டிப் படையினர் வெட்டிச் சாய்த்தார்கள். ஆங்கிலேயர் கண்டியில் இப்படி அடிபட்டிருந்த அதே வருடம் ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்க, அங்கிருந்த ஆங்கிலேயப் படை படகேறி யாழ்ப்பாணம் ஓடியது. இரண்டு மாதம் கழித்துப் பதிலடி. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்திலிருந்தும் படை வந்தது. மன்னாரிலிருந்து வந்தவர்தான் ட்றிபேர்க். அதிகாலை 5 மணியளவில் கற்சிலைமடுவில் வந்து விழுந்தார்கள். பண்டாரவன்னியன் அன்று சாகவில்லை, தப்பிவிட்டார். கல்லில் அது இல்லை.

ஓட்டோவில் திரும்பும்போது எனக்கு ட்றிபேர்க்கின் பின்னால் நடந்து வந்தவர்கள் மேல்தான் யோசனை போயிற்று. அந்தக் காலத்து ஆங்கிலேயப் படை என்றால் எல்லாரும் வெள்ளைக்காரர் இல்லை. மலாய்க்காரர் இருந்தார்கள், இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். ட்றிபேர்க்கின் 'வொன்' கூட ஜேர்மன்காரர் வைத்துக்கொள்வது. கண்டிச் சண்டையில் மலாய்க்காரர் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஆங்கிலேயப் பக்கத்து மலாய் அதிகாரி நூர்தீன், பிடிபட்ட பிறகு கண்டி மன்னனிடம் சேவகம் செய்ய மறுத்ததால் கொல்லப்பட்டார். பார்ன்ஸ்லி என்ற கோப்ரலின் கதை இன்னும் கொடியது. மகாவலிக் கரையில் கழுத்தில் வெட்டு வாங்கி, செத்தவர்களோடு செத்தவராகக் கிடந்து, பிறகு எழும்பி, விழுந்துவிடாமல் தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடியே அடுத்த ஆங்கிலேயக் காவலரண் வரை போய்ச் சேர்ந்து செய்தி சொன்னார். யூரியாப் பைக்காக நான் போட்ட புலம்பல் எனக்கே வெட்கமாக இருந்தது. (ஆனாலும் அந்த மிச்சக் காசு வேண்டும்.)

இப்போது சாப்பாடு. ஒட்டுசுட்டானில் தகரக்கூரை போட்ட கடை, நாலு மேசை. ஒரு அம்மா சமைக்கிறார், அவருடைய மகன் பரிமாறுகிறான். மொட்டைக்கறுப்பன் சோறு, குளத்து விரால் குழம்பு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி. குழம்பில் புளி தூக்கலாக, மேலே எண்ணெய் மிதந்துகொண்டு, மீன் துண்டு விரல் பட்டதும் பிளந்து விழுந்தது. விராலில் சேற்று வாடை அடிக்கும் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் வாங்கவே மாட்டார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதற்காகவே சண்டை பிடிக்க வேண்டும். இரண்டாம் முறை சோறு, மூன்றாம் முறை குழம்பு, கடைசியில் சட்டித் தயிர். எல்லாம் சேர்த்து 600 ரூபா! ஓட்டோக்காரரை அங்கேயே மன்னித்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கையிலிருந்த கமராவைப் பார்த்து "எங்க போட்டு வாறியள்?" என்று பேச்சைத் தொடங்கினார். நானும் பெரிய ஆய்வாளர் மாதிரி, "ஐயா, சண்டை நேரம் இங்க இருந்த சனமெல்லாம் எங்க போனவையாம்?" என்று கேட்டேன்.

"எந்தச் சண்டை தம்பி?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 1803 என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. "நாங்கள் 2008 மார்கழியில வெளிக்கிட்டனாங்கள். ட்ரக்டர் பெட்டியில முதல்ல ஏத்தினது விதைநெல்லு. மனுசி சட்டி பானையை ஏத்தச் சொல்லிக் கத்தினவ. நான் விதைநெல்லைத்தான் ஏத்தினன்." புதுக்குடியிருப்பு வரை அது வந்ததாம். பிறகு அதையே குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்களாம். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வயலில் ஆளுயரத்துக்குப் பற்றை.

கொஞ்சம் பொறுத்து நான் பண்டாரவன்னியன் கதைக்கு வந்தேன். ஒக்டோபர் 31, விடியற்காலை என்றேன். ஐயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒக்டோபர் கடைசியோ? அப்ப விதைச்சு முடிஞ்சிருக்கும். காலபோகம். மழை தொடங்கியிருக்கும்."

"அப்ப சனம்?"

"விதைநெல்லோட ஓடுறது ஒருமாதிரி. விதைச்ச வயலை விட்டுட்டு ஓடுறது வேற. யானை, பன்றி, மாடு எல்லாம் இறங்கும். காவலுக்கு ஆளில்லாட்டி எல்லாத்தையும் அழிக்க ஒரு கிழமை காணும்."

அந்தச் சண்டையைப் பற்றி நான் எவ்வளவோ தேடி வாசித்தேன். எத்தனை மணிக்கு அடித்தார்கள், எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்பதெல்லாம் கிடைத்தது. வயலைப் பற்றி யாரும் எழுதியதை நான் காணவில்லை. காலையில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று பத்துப் படம் எடுத்தவன், அது விதைப்புக் காலம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. திகதி அங்கே கல்லிலேயே இருக்கிறது.

முல்லைத்தீவுக்கும் போனேன். 1803இல் பண்டாரவன்னியன் பிடித்த கோட்டை என்று காட்ட என் கண்ணில் ஒன்றும் படவில்லை. நல்ல கடல், நல்ல காற்று, கரையில் வள்ளங்கள். படகேறி ஓடிய படை இந்த அலையில் எப்படி ஏறியிருக்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான். திரும்பும்போது பரந்தன் வழி பஸ், இருக்கை கிடைத்தது, தூங்கிவிட்டேன்.

மொத்தச் செலவு 4,350. பட்ஜெட்டை 350 ரூபா தாண்டிவிட்டது. காரணம் யாரென்று உங்களுக்குத் தெரியும். அதே ஓட்டோக்காரருக்கு நேற்று போன் எடுத்து, ஒக்டோபர் 31 விடியற்காலை 5 மணிக்குக் கற்சிலைமடுவில் நிற்க வேண்டும், அந்த நேரத்து வயலைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அது மழைக் காலம் தம்பி. விடியவெல்லாம் யானை நிக்கும். மூவாயிரம் ஆகும்."