வலது பின்னங்கால்

மார்ச் 3
குதிரை இன்றும் அந்தக் காலைத் தரவில்லை.

மார்ச் 4
கழுத்தைத் தடவலாம், முதுகைத் தடவலாம். முன்னங்கால் இரண்டையும் கேட்டதுமே தூக்கிவிடுகிறாள். வலது பின்னங்கால் பக்கம் கை இறங்கினால் போதும், தொடைச் சதை கல்லாகிவிடுகிறது. குளம்புக்குச் சற்று மேலே வெள்ளை ரோமம் வளையமாக முளைத்திருக்கிறது. கயிறு அறுத்த இடம். இங்கே வருவதற்கு முன் யாரோ கட்டி இழுத்திருக்கிறார்கள். இரண்டரை வயதுக்குள்.

மார்ச் 5
மழை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 7
பெரியவர் வந்தார். "கட்டிப்போட்டுத் தூக்குங்க தம்பி, பத்து நிமிஷ வேலை." பிறகு, எப்போது ஏறப்போகிறேன் என்று வேறு. முதுகெலும்பு முற்றவே ஐந்தரை, ஆறு வயதாகும், என்ன அவசரம்? வாயைத் திறக்கவில்லை. குளம்பு சீவி எட்டு வாரம் தாண்டிவிட்டது, ஓரம் பிளக்கிறது. சீவுபவர் 20ஆம் தேதி வருகிறார்.

மார்ச் 9
ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தபோதுதான் உறைத்தது. கையை எப்போது எடுக்கிறேன் என்பதைத்தான் அவள் படிக்கிறாள். அவள் உதறியபோதெல்லாம் நான் பயந்து கையை எடுத்திருக்கிறேன். உதறினால் கை போய்விடும் என்று இத்தனை நாளாக நானேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், முட்டாள்.

மார்ச் 10
பழைய கையுறையில் துணி திணித்து நீளக் கம்பின் நுனியில் கட்டினேன். தோளோரம் நின்றுகொண்டு, இடுப்பிலிருந்து மெல்லக் கீழே கொண்டுபோனேன். உதறினாள். கையுறை அங்கேயே இருந்தது. மறுபடி உதறினாள். நான்காவது உதறலுக்குப் பின் ஒரு மூச்சு நேரம் நின்றாள். அந்த நொடியே எடுத்துவிட்டேன். வாயை மென்று உதட்டை நக்கினாள். இதைப் பார்த்தால் 'புரிந்துவிட்டது' என்பார்கள். எனக்கென்னவோ பயம் கொஞ்சம் இறங்கியதாகத்தான் படுகிறது. ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 14
என் கை. குளம்பின் முனை மட்டும் மண்ணில், பாரம் இல்லாமல். ஒரு விநாடி. போதும்.

மார்ச் 15
லாயத்து ஆணியில் புதுக் கயிறு தொங்குகிறது. நான் மாட்டவில்லை.

மார்ச் 16
போனில் யாரிடமோ கத்திவிட்டு அதே சூட்டோடு உள்ளே போனேன். முன்னங்காலைக்கூடத் தரவில்லை.

மார்ச் 18
முன்னங்கால் திரும்பக் கிடைத்தது. அந்தக் கயிறு இன்னும் அங்கேயே.

மார்ச் 19
மாலை தூக்கினாள். மூன்று எண்ணினேன். அவள் இழுப்பதற்கு முன் நானே இறக்கி வைத்தேன். மறுபடி கேட்கவில்லை. நாளைக்கு வருபவரிடம் முதலில் கையுறைக் கம்பைக் கொடுக்க வேண்டும், சிரித்தாலும் பரவாயில்லை.

மார்ச் 20
காலை 6. வண்டிச் சத்தம். இரண்டு காதையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.